வலிக்காத கட்டியை எத்தனை ஆண்டுகள் விட்டுவைக்கலாம்?

மருத்துவர் பதில்கள்: உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள்

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் கட்டிகளைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்கள் பல என்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. இங்கே சொல்லப்படும் பதில்கள் பொதுவான விளக்கங்களே ஆகையால், கட்டியை நேரில் தொட்டுப் பார்த்த மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றாக இவற்றைக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 46. இடது காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு வளையும் இடத்தில், கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. வலி இல்லை. மிக மெதுவாகத்தான் பெரிதாகியிருக்கிறது. பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசியால் திசு எடுத்துச் சோதித்து, இது ‘பிளியோமார்பிக் அடினோமா’, புற்றுநோய் அன்று என்றார்கள். ஆனாலும் அறுவை செய்து எடுத்துவிடுவதே நல்லது என்கிறார் மருத்துவர். புற்றுநோய் இல்லாத ஒன்றை எதற்காக எடுக்க வேண்டும்? கத்தி பட்டால்தான் கட்டி புற்றாக மாறிப் பரவும் என்று என் மாமியார் அஞ்சுகிறார். மகள் இந்த ஆண்டு சாதாரண நிலைத் தேர்வு எழுதுகிறாள் என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: நீங்கள் குறிப்பிடும் இடம் பரோட்டிட் சுரப்பியின் கீழ்ப்பகுதி. நம் ஒவ்வொருவருக்கும் காதுக்கு முன்னே ஓர் இணை (இதுவே பரோட்டிட், மூன்றிலும் பெரியது), கீழ்த்தாடைக்கு அடியில் ஓர் இணை, நாக்கின் அடியில் ஓர் இணை எனப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணைகள் உண்டு. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், தொண்டை ஆகிய இடங்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சுரப்பிகள் 600 முதல் 1,000 வரை பரவியிருக்கின்றன. கட்டிகளில் பெரும்பாலானவை பரோட்டிட் சுரப்பியில்தான் வருகின்றன. அங்கே வருபவற்றில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை புற்றுநோய் அல்லாதவை. சுரப்பி சிறிதாகச் சிறிதாக, அதில் தோன்றும் கட்டி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பது எங்கள் துறையில் பயிலும் எவருக்கும் முதலில் கற்பிக்கப்படும் விதி. அந்த விதியின்படி உங்கள் கட்டி அமைந்திருக்கும் இடமே உங்களுக்குச் சாதகமானது.

பிளியோமார்பிக் அடினோமா என்பது இச்சுரப்பிகளில் மிகுதியாகக் காணப்படும் கட்டி. இன்றைக்கு அது தீங்கற்றது என்று உங்களிடம் சொன்னது சரிதான். ஆனால் காலம் செல்லச் செல்ல அதன் ஒரு பகுதியிலுள்ள உயிரணுக்கள் புற்றணுக்களாக மாறும் இயல்பு இந்தக் கட்டிக்கு உண்டு. மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக எடுத்துக்காட்டப்படும் கணக்கின்படி, கட்டி தோன்றிய முதல் ஐந்து ஆண்டுகளில் இந்த மாற்றத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு 1.5 என்ற அளவில் இருக்கிறது. அகற்றாமல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் விட்டுவிட்டால் அது நூற்றுக்குப் பத்தை நெருங்குகிறது. இவை பழைய ஆய்வுகளிலிருந்து திரட்டப்பட்ட எண்கள் என்பதால் ஒவ்வொருவருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. ஆயினும் ஆண்டுகள் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பதில் ஐயமில்லை. நாற்பத்தாறு வயதில் உங்களுக்கு முன்னால் இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. மருத்துவர் கட்டியின் இன்றைய நிலையை மட்டும் பார்க்காமல் அந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் அறுவையைப் பரிந்துரைக்கிறார்.

ஊசிப் பரிசோதனையின் வரம்பையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மெல்லிய ஊசி கட்டியின் ஓரிரு இடங்களிலிருந்துதான் அணுக்களை எடுத்துவருகிறது. நீண்ட நாள் கட்டி ஒன்றின் ஒரு மூலையில் மாற்றம் தொடங்கியிருந்து, ஊசி வேறு மூலையில் பட்டிருந்தால், முடிவு தீங்கற்றது என்றே வரும். இத்தகைய முடிவுகளை உலகெங்கும் ஒரே வகையில் எழுதுவதற்காக 2018இல் வெளியான மிலான் முறையிலும், தீங்கற்றது என்று வகைப்படுத்தப்பட்ட கட்டிகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவை பின்னர் புற்றுநோய் என்று தெரியவரக்கூடும் என ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. கட்டி முழுவதையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் உறுதியான விடை கிடைக்கும்.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். கத்தி பட்டதால் தீங்கற்ற கட்டி புற்றாக மாறிவிடும் என்பது உண்மையன்று. ஆனால் தவறான முறையில் கத்தி பட்டால் இந்தக் கட்டி மீண்டும் வரும் என்பது முற்றிலும் உண்மை. இதைச் சுற்றியுள்ள உறை மிக மெல்லியது. சில இடங்களில் அந்த உறையைத் தாண்டி விரல்போன்ற நீட்சிகளும் இருக்கும். கேழ்வரகு நிறைந்த பையைக் கிழித்துவிட்டால் கடைசி மணிவரை பொறுக்கியெடுக்க முடியாது அல்லவா, அதுபோல் அறுவையின்போது உறை கிழிந்தால் சிந்திய அணுக்கள் ஒவ்வொன்றும் தனிக் கட்டியாக வளரக்கூடும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்த பழைய காலத்தில் நூற்றுக்கு இருபது முதல் நாற்பத்தைந்து பேருக்கு அது திரும்ப வந்தது. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சுரப்பித் திசுவையும் சேர்த்து, உறையைத் தொடாமல் எடுக்கும் இன்றைய முறையில் அது நூற்றுக்கு ஓரிருவர் முதல் நால்வர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. ஆகவே முதல் அறுவையே சரியான அறுவையாக இருக்க வேண்டும். இந்தச் சுரப்பியில் தொடர்ந்து அறுவை செய்துவரும் காது மூக்கு தொண்டை அல்லது தலை, கழுத்து அறுவை நிபுணரிடம் ஒப்படையுங்கள். எத்தகைய அறுவை செய்யப் போகிறார், கட்டி முகநரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை எம்ஆர்ஐ படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

முகநரம்பைச் சொன்னதற்குக் காரணம், அது பரோட்டிட் சுரப்பியின் ஊடாகச் சென்று கிளைகளாகப் பிரிந்து கண் இமை, கன்னம், உதடு ஆகியவற்றை அசைக்கிறது. அறுவைக்குப் பின் அந்தப் பக்கத்து உதடோ இமையோ சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தளர்ந்திருப்பது ஐந்தில் ஒருவருக்கோ அதற்கும் சற்று அதிகமானோருக்கோ ஏற்படக்கூடும். பெரும்பாலோருக்கு அது மீண்டுவிடும். தீங்கற்ற கட்டிக்கான முதல் அறுவையில் நிலையான தளர்ச்சி வருவது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. காது மடலின் கீழ்ப்பகுதி மரத்துப்போவது பலருக்கு உண்டு. தோடு போடும்போது உணர்வு குறைவாக இருக்கும் என்பதால் பெண்கள் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது. சிலருக்குப் பல மாதங்கள் கழித்து, சாப்பிடும்போது கன்னத்தில் வியர்க்கும். உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் நரம்பிழைகள் மீண்டும் வளரும்போது வழிதவறித் தோலின் வியர்வைச் சுரப்பிகளோடு இணைந்துவிடுவதே இதற்குக் காரணம். 1923இல் இதை விளக்கி எழுதிய போலந்து நாட்டு நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரேயின் பெயரால் இது வழங்கப்படுகிறது. தொல்லையாக இருந்தால் போட்டாக்ஸ் ஊசி நல்ல பயன் தரும்.

மகளின் தேர்வு முடியும்வரை நீங்கள் காத்திருக்கலாம். இந்தக் கட்டியின் ஆபத்து ஆண்டுக் கணக்கில் ஏறுவதே தவிர வாரக் கணக்கில் ஏறுவதன்று. நாளை மருத்துவரிடம் கேட்டுத் தேர்வுக்குப் பிந்திய ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி குறிக்காமல் ஒத்திப்போடுவதைத்தான் நான் அஞ்சுகிறேன். தேர்வுக்குப் பின் ஒரு திருமணமும் அதற்குப் பின் ஒரு பயணமும் என்று அது எட்டிலிருந்து பதினெட்டு ஆண்டுகளாகிவிடும். இதற்கிடையில் கட்டி திடீரென வேகமாக வளர்ந்தாலும், வலித்தாலும், அசையாமல் இறுகிப்போனாலும், முகத்தின் அந்தப் பக்கம் தளர்ந்தாலும், கழுத்தில் புதிய நெறி கட்டினாலும் தேர்வையும் பாராமல் உடனே செல்ல வேண்டும்.

கேள்வி: எனக்கு 63 வயது. நாற்பது ஆண்டுகளாகப் புகைபிடிக்கிறேன். வேறொரு காரணத்துக்காக எடுத்த பெட் ஸ்கேனில் இரு பக்கப் பரோட்டிட் சுரப்பிகளிலும் ஒளிரும் புள்ளிகள் தெரிந்தன. ஊசிப் பரிசோதனைக்குப் பின் ‘வார்தின் கட்டி’ என்றார்கள். மருத்துவர் அறுவை கட்டாயமில்லை என்கிறார். புற்றுநோய்தானே ஸ்கேனில் ஒளிரும்? (வாசகர், அங் மோ கியோ)

பதில்: வார்தின் கட்டி புற்றுநோய் இல்லாமலேயே பெட் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரும் கட்டிகளுள் ஒன்று. இது பலரை வீணாக அச்சுறுத்தியிருக்கிறது. பரோட்டிட் கட்டிகளில் பிளியோமார்பிக் அடினோமாவுக்கு அடுத்து அதிகம் காணப்படுவது இதுவே. புகைபிடிப்பதோடு தெளிவான தொடர்பு உடையது. இரு பக்கமும் வருவதும் ஒரே சுரப்பியில் ஒன்றுக்கு மேற்பட்டு வருவதும் இதன் இயல்பு. இது புற்றாக மாறுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் மிகக் குறைவு. ஆகவே ஊசிப் பரிசோதனை தெளிவாக இருந்து, கட்டி தொல்லை தராமலும் இருந்தால், கண்காணிப்பில் வைத்துக்கொள்வது ஏற்கத்தக்க வழியே. முந்தைய கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்கு இது முரணாகத் தோன்றலாம். இரண்டும் காதருகே தோன்றும் வலியில்லாத கட்டிகள்தாம் என்றாலும் அவற்றின் போக்கு வேறு. எந்தக் கட்டி என்று பெயர் தெரியாமல் ‘எல்லாம் சாதாரணக் கட்டிதான்’ என்று இருந்துவிடக்கூடாது.

புகைபிடிப்பதை நிறுத்துங்கள் என்று இந்தக் கட்டிக்காக மட்டும் நான் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுப் புகைக்குப் பின் உங்கள் நுரையீரலும் தொண்டையும் இந்தக் கட்டியைவிடப் பன்மடங்கு ஆபத்தில் இருக்கின்றன.

கேள்வி: பல் மருத்துவர் சுத்தம் செய்யும்போது என் மேல் அண்ணத்தில், நடுக்கோட்டுக்கு வலப்புறமாக, வழவழப்பான ஒரு சிறு புடைப்பைக் கவனித்தார். எனக்கு 31 வயது, வலியே இல்லை. கடிதம் கொடுத்து மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். இவ்வளவு சிறியதற்குப் போகத்தான் வேண்டுமா? (வாசகி, பொங்கோல்)

பதில்: போகத்தான் வேண்டும். உங்கள் பல் மருத்துவர் கவனமானவர். அண்ணத்தின் நடுக்கோட்டிலேயே, எலும்புபோல் கெட்டியாக, பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் மேடு பெரும்பாலும் இயல்பான எலும்பு வளர்ச்சி. நம் வட்டார மக்களிடம் அது சாதாரணம். ஆனால் நடுக்கோட்டிலிருந்து விலகி, கடின அண்ணமும் மென்மையான அண்ணமும் சேரும் பகுதியில் தோன்றும் புடைப்பு சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்து வந்ததாக இருக்கலாம். அப்படி வருபவற்றில் ஏறத்தாழப் பாதி புற்றுநோயாக இருக்கின்றன. மற்றப் பாதி தீங்கற்றவை என்பதையும் மறவாதீர்கள். பரோட்டிட் கட்டியைக் கீறிச் சிறு துண்டு எடுப்பதை நாங்கள் தவிர்ப்போம். அண்ணத்தில் அவ்வாறு எடுத்துச் சோதிப்பதே முறை. மருத்துவர் அதற்கு ஏற்பாடு செய்தால் பதற்றம் வேண்டாம்.

இங்கே வரும் புற்றுநோய்களில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மியூக்கோஎபிடெர்மாய்டு புற்று எல்லா உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுகளிலும் முதலிடம் வகிப்பது. இளம் வயதினருக்கும், ஏன், குழந்தைகளுக்கும்கூட வரக்கூடியது. அதன் குறைந்த தர (வீரியம் குறைந்த) வகையை முழுமையாக அகற்றினால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அடினாய்டு சிஸ்டிக் புற்றோ மெதுவாக வளர்ந்தாலும் நரம்புகளின் வழியே ஊர்ந்து செல்வது. அறுவை முடிந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் நலமாக இருந்தவருக்கும் நுரையீரலில் அது தலைகாட்டக்கூடும் என்பதால், ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன என்று அதன் கண்காணிப்பை நிறுத்துவதில்லை. அண்ணத்திலோ மேலுதட்டிலோ மரத்த உணர்வு இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்; நரம்பு பாதிக்கப்பட்டதற்கான அடையாளமாக அது இருக்கக்கூடும்.

கேள்வி: நான் துவாஸ் பகுதியில் தங்குவிடுதியில் இருக்கிறேன், வேலை அனுமதி அட்டையில் கட்டுமானத் தொழில் செய்கிறேன். சாப்பிட ஆரம்பித்தவுடன் வலது தாடைக்கு அடியில் வீங்கி வலிக்கிறது. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. ஊரில் சொன்னால் புற்றுநோய் என்று அழுவார்கள். மருத்துவமனைக்குப் போனால் செலவை யார் ஏற்பார்கள்? (வாசகர், வயது 34)

பதில்: தம்பி, நீங்கள் விவரிப்பது உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருப்பதன் அடையாளம். இத்தகைய கற்களில் ஐந்தில் நான்கு பங்கு கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் உருவாகின்றன. உணவைக் கண்டதும் சுரக்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்குவதால் வீக்கமும் வலியும் வருகின்றன. புற்றுக்கட்டி இப்படிச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து பிறகு அடங்குவதில்லை. அது எப்போதும் இருக்கும், நாளடைவில் பெரிதாகும். ஆயினும் கீழ்த்தாடைச் சுரப்பியில் தோன்றும் உண்மையான கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புற்றுநோயாக இருக்கும் என்பதால், கல்தான் என்று அல்ட்ராசவுண்டு எடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வெயிலில் வேலை செய்யும்போது நிறையத் தண்ணீர் குடியுங்கள். காய்ச்சலோ வாயில் சீழோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வேலை அனுமதி உள்ள ஊழியரின் மருத்துவச் செலவுக்கு முதலாளியே பொறுப்பு. மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் முடியும் அறுவைக்கும் அவர் எடுக்க வேண்டிய காப்புறுதியின் குறைந்த வரம்பு, 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. செலவுக்கு அஞ்சி வலியை மறைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம்.

கேள்வி: என் அம்மா நீண்ட காலம் புகையிலையோடு வெற்றிலை போட்டவர். அவருக்குப் பரோட்டிட்டில் புற்றுநோய் வந்ததற்கு அதுதான் காரணமா? நான் கைத்தொலைபேசியை எப்போதும் அதே பக்கக் காதில் வைத்துப் பேசுகிறேன், எனக்கும் வருமா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றுநோய்க்கு நிறுவப்பட்ட காரணங்கள். குட்கா, ஸர்தா போன்ற வாய்ப் புகையிலைப் பொருள்கள் 2016 ஆகஸ்டிலிருந்து சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டிருப்பதும் அதனாலேயே. ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கும் வெற்றிலைக்கும் அத்தகைய உறுதியான தொடர்பு காணப்படவில்லை. உங்கள் அம்மா தம்மையே நொந்துகொண்டிருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள். உறுதியாக அறியப்பட்ட காரணங்களில் முதன்மையானது, உயிரணுக்களைச் சிதைக்கும் வலிமையுள்ள அயனியாக்கும் கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர்பிழைத்தவர்களிடமும், சிறுவயதில் தலை, கழுத்துப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களிடமும் இக்கட்டிகள் கூடுதலாகக் காணப்பட்டன. கைத்தொலைபேசியிலிருந்து வருவது அந்த வகைக் கதிர்வீச்சு அன்று. 2008இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று மிகுதியாகப் பேசுவோரிடம் ஒரு தொடர்பைச் சுட்டியது. வேறு பல ஆய்வுகள் தொடர்பு எதையும் காணவில்லை. காதொலிக்கருவி போட்டுப் பேசுவதால் இழப்பு எதுவுமில்லை. இந்தப் புற்று குடும்பத்தில் வழிவழியாக வருவதும் அரிது.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் காதருகே ஒரு ‘சாதாரணக் கட்டி’யை எடுத்தார்கள். சில ஆண்டுகளில் அதே தழும்பின் அடியில் சிறு சிறு உருண்டைகள் தோன்றின. வலிக்கவில்லை என்று விட்டுவிட்டோம். மூன்று மாதமாக அவற்றில் ஒன்று வேகமாகப் பெரிதாகிறது. இப்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறது. கண்ணும் சரியாக மூடவில்லை. உறவினர்கள் முகவாதம், தானாகச் சரியாகும் என்கிறார்கள். (வாசகி, ஈசூன்)

பதில்: இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியர் குழு வழியாக இவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். இதே நிலையில் இன்னொரு குடும்பம் இருக்கக்கூடும் என்பதால் இங்கும் வெளியிடுகிறேன்.

சாதாரண முகவாதம் ஓரிரு நாளில், அதிகம் போனால் மூன்று நாளுக்குள் முழு அளவை எட்டிவிடும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத் தளரும் முகத்தை, அதுவும் அதே பக்கத்தில் கட்டி இருக்கும்போது, முகவாதம் என்று சொல்லிக் காத்திருக்கக் கூடாது. தழும்பின் அடியில் பல உருண்டைகளாகத் திரும்புவது பிளியோமார்பிக் அடினோமா மீண்டும் வந்ததற்கான வழக்கமான தோற்றம். நெடுங்காலம் அமைதியாக இருந்த அத்தகைய கட்டி திடீரென வளர்ந்து முகநரம்பையும் தாக்கினால், அது புற்றாக மாறியிருக்கிறது என்றே முதலில் கருத வேண்டும். இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ சென்று, கட்டியும் முகத் தளர்ச்சியும் சேர்ந்திருப்பதைச் சொல்லி அவசரப் பரிந்துரை கேளுங்கள். பலதுறை மருந்தகத்திலிருந்து சென்றால் அரசு மருத்துவமனைகளின் சிறப்பு மருந்தகங்களிலும் தேசியப் புற்றுநோய் நிலையத்திலும் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும். சிகிச்சைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் வரம்புகளுக்கு உட்பட்டுக் கைகொடுக்கும். முகக்கோணல் திடீரென வந்து அதோடு கை தளர்வதோ பேச்சு குழறுவதோ இருந்தால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். உடனே 995ஐ அழைக்க வேண்டும்.

மாறிய கட்டியிலும் எல்லாரின் நிலையும் ஒன்றன்று. புற்று இன்னும் பழைய கட்டியின் உறைக்குள்ளேயே இருந்தால் முழுமையாக அகற்றியபின் பலர் நலமாக வாழ்கிறார்கள். உறையைத் தாண்டி வெகுவாகப் பரவியிருந்தால் பெரிய அறுவையும், கழுத்து நெறிகளை அகற்றுவதும், பின்னர் கதிரியக்கச் சிகிச்சையும் தேவைப்படும். புற்று முகநரம்பையே பற்றியிருந்தால் நரம்பின் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து வேறு நரம்பால் இணைக்க நேரலாம். கண் மூடாதவரை விழி உலர்ந்து புண்ணாகாமல் இருக்க, இன்றிலிருந்தே பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுமருந்தும் இரவில் கண் களிம்பும் இட்டு, உறங்கும்போது இமையை மூடி ஒட்டிவையுங்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அறுவையின் தாள்கள் ஊரில் யாரிடமாவது இருந்தால் தேடச் சொல்லுங்கள். திசுப் பரிசோதனை அறிக்கையே முதன்மையானது. அந்தப் பரிசோதனைக்கூடம் கண்ணாடித் தகடுகளையோ மெழுகில் பதித்த திசுவையோ இன்னும் வைத்திருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். அன்று எடுத்தது எந்தக் கட்டி, உறை கிழிந்ததா, நரம்பின் எந்தக் கிளை வரை சென்றார்கள் என்பவை தெரிந்தால் இங்குள்ள அறுவை மருத்துவருக்குப் பெரிதும் உதவும். அறிக்கை கிடைக்கும்வரை முதல் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டாம். அப்பாவை முதலில் அழைத்துச் செல்லுங்கள், தாள்கள் பின்னால் வரட்டும்.